கல்ச்சரில் கிருமி இருக்கிறது, மருந்து வேண்டாம் என்கிறார் டாக்டர்: சரிதானா?

பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு வயது 68. சர்க்கரை நோய் வந்து 14 வருடம் ஆகிறது. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் நெடுநாளாகச் சாப்பிடுகிறார். ஒரு வருடத்துக்கு முன் டாபாகிளிஃப்ளோசினும் சேர்ந்திருக்கிறது. கடந்த பத்து மாதத்தில் 'யூரின் இன்ஃபெக்‌ஷன்' என்று ஐந்து தடவை ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறார்கள்: மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய ஆஃப்லாக்சசின்-ஆர்னிடசோல் மூன்று நாள், கிளினிக்கில் எழுதிக் கொடுத்த செஃபிக்ஸிம் ஐந்து நாள், சிப்ரோஃப்ளாக்சசின் ஏழு நாள், வீட்டு டப்பாவில் மிச்சமிருந்த செஃபிக்ஸிம் இரண்டு நாள், கடைசியாக செஃப்ட்ரியாக்சோன் ஊசி ஐந்து நாள். சிப்ரோ சாப்பிட்டபோது ஒருநாள் நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு அம்மாவுக்கு உடம்பெல்லாம் வியர்த்துக் கை நடுங்கியிருக்கிறது. சர்க்கரை போட்ட காபி கொடுத்ததும் தெளிந்துவிட்டார். காய்ச்சல் விட்டதால் வந்த வியர்வை என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள்.

போன மாதம் முழு உடல் பரிசோதனையோடு, சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் யூரின் கல்ச்சரும் பார்த்திருக்கிறார்கள். 'ஈ.கோலை, ஒரு லட்சத்துக்கு மேல், ஈஎஸ்பிஎல் பாசிட்டிவ்' என்று வந்தது. செஃபிக்ஸிம், செஃப்ட்ரியாக்சோன், சிப்ரோவுக்கு நேரே 'ஆர்', அதாவது கிருமி அடங்காது. நைட்ரோஃபியூரன்டாயின், ஃபாஸ்ஃபோமைசின், அமிகாசின், மெரோபெனெமுக்கு நேரே 'எஸ்', அதாவது அடங்கும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.1, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 8.9. அம்மாவுக்கு இப்போது எரிச்சலோ காய்ச்சலோ இடுப்பு வலியோ கிடையாது. சிறுநீர் கலங்கலாக வாடையோடு போகிறது, வெளிப்புறம் அரிப்பு இருக்கிறது, அவ்வளவுதான். குடும்ப மருத்துவர் மருந்து வேண்டாம் என்கிறார். இன்னொரு மருத்துவமனையில் அட்மிட் செய்து ஏழு நாள் மெரோபெனெம் ஊசி போட வேண்டும் என்கிறார்கள்.

வாசகி கேட்பவை இவை: குடும்ப மருத்துவர் அலட்சியமாக இருக்கிறாரா? அம்மாவின் உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டதா? கணவர் நடத்தும் கறிக்கோழிப் பண்ணையிலிருந்து இது வந்திருக்குமா? ஐந்து மாதக் கர்ப்பமாக இருக்கும் மகள் வளைகாப்புக்கு வந்து பாட்டியோடு ஒரே வீட்டில் இருக்கலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நிம்மதியாக இருங்கள். நீங்கள் எழுதியிருக்கும் விவரத்தை வைத்துப் பார்த்தால், உங்கள் குடும்ப மருத்துவர் சொன்னதுதான் சரியான வைத்தியம். அவர் மருந்து எழுதாமல் விட்டது அலட்சியத்தால் இல்லை. இந்த நிலையில் மருந்து எழுதாமல் இருப்பதற்குத்தான் அதிக அறிவும் துணிவும் வேண்டும்.

சிறுநீரில் கிருமி இருப்பதும் சிறுநீர்ப் பாதையில் தொற்று இருப்பதும் வேறு வேறு. வயதான பெண்களில், அதிலும் சர்க்கரை உள்ளவர்களில், பலருக்கு எந்தத் தொந்தரவும் தராமல் சிறுநீரில் கிருமி குடியிருக்கும். கல்ச்சர் செய்தால் ஒரு லட்சம் என்று எண்ணிக்கை வரும், மைக்ராஸ்கோப்பில் சீழ் செல்களும் தெரியும். அப்போதும் எரிச்சல், அடிக்கடி அவசரமாகப் போதல், அடிவயிற்று வலி, காய்ச்சல் என எதுவும் இல்லையென்றால் அதற்கு மருந்து தருவதில்லை. தந்து பார்த்த ஆய்வுகளில், பின்னால் வரும் தொற்றோ சிறுநீரகப் பாதிப்போ குறையவில்லை. சில வாரத்தில் கிருமி திரும்பி வந்தது, வரும்போது மருந்துக்கு இன்னும் அடங்காததாக வந்தது. சர்க்கரை இருப்பதால் மட்டும் இந்த விதி மாறாது. விதிவிலக்கு முக்கியமாக இரண்டுதான்: கர்ப்பிணிகள், சிறுநீர்ப் பாதைக்குள் கருவி விட்டுச் செய்யும் அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள். முதல் விதிவிலக்கு உங்கள் மகளைத் தொடுகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கலங்கலும் வாடையும் தொற்றின் அடையாளம் இல்லை. தண்ணீர் குறைவாகக் குடித்தாலும், சில காய்கறி, மாத்திரைகளாலும் சிறுநீர் வாடையடிக்கும். அரிப்புதான் என் கவனத்தை இழுக்கிறது. டாபாகிளிஃப்ளோசின் ரத்தத்திலுள்ள சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளும் மருந்து. அந்தச் சர்க்கரை பிறப்புறுப்பு ஓரத்தில் படியும்போது கேண்டிடா என்ற பூஞ்சை செழித்து வளரும். அரிப்பு, தோல் சிவப்பு, சிறுநீர் படும்போது வெளிப்புறம் எரிதல் எல்லாம் அதில் வரும். அதை 'யூரின் இன்ஃபெக்‌ஷன்' என்று எடுத்துக்கொண்டு ஆன்டிபயாடிக் கொடுத்தால் அங்கே காவலுக்கு இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் சாகும், பூஞ்சை இன்னும் பெருகும், அரிப்பு கூடும், மறுபடி ஓர் ஆன்டிபயாடிக். அம்மாவின் ஐந்து தடவையில் இரண்டு மூன்றாவது இந்தச் சுழலில் வந்தவையாக இருக்கலாம். ஒரு தடவைகூட மருந்துக்கு முன்னால் கல்ச்சர் எடுக்காததால் இப்போது உறுதியாகச் சொல்ல வழியில்லை. மகளிர் நோய் மருத்துவரிடம் ஒருமுறை நேரில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பூஞ்சை என்றால் க்ளோட்ரிமசோல் போன்ற பூஞ்சைக் களிம்போ உள்ளே வைக்கும் மாத்திரையோ போதும். டாபாகிளிஃப்ளோசினைத் தொடரலாமா, மாற்றலாமா என்பதைச் சர்க்கரை மருத்துவர் முடிவு செய்யட்டும். அதை நீங்களாக நிறுத்த வேண்டாம், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்யும் மருந்து அது.

பழகியது உடம்பா, கிருமியா?

'அம்மா உடம்பு மருந்துக்குப் பழகிப்போச்சு, இனி பவர் மருந்துதான் கேட்கும்' என்று எழுதியிருக்கிறீர்கள். படித்தவர்களும் இப்படித்தான் நினைக்கிறார்கள். அம்மாவின் உடம்பு எதற்கும் பழகவில்லை. பழகியது அவர் குடலில் வாழும் ஈ.கோலை. சாதகமான சூழலில் அது 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். கோடிக்கணக்கில் பெருகும் கூட்டத்தில் மருந்துக்குத் தப்பும் சில எப்போதும் இருக்கும். ஒவ்வொரு ஆன்டிபயாடிக்கும் தனக்கு அடங்கியவற்றைக் கொன்று, தப்பியவற்றுக்கு இடத்தைக் காலி செய்து கொடுக்கிறது. ஈஎஸ்பிஎல் என்பது இப்படித் தப்பியவை சுரக்கும் ஒரு நொதி. செஃபிக்ஸிம், செஃப்ட்ரியாக்சோன் போன்ற மருந்துகளின் நடுவே உள்ள வளையத்தை அது வெட்டிவிடும். வெட்டப்பட்ட மருந்து கிருமியை ஒன்றும் செய்யாது. இந்த நொதிக்கான மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்னும் சிறு வளையத்தில் இருக்கிறது. ஒரு கிருமி பக்கத்துக் கிருமிக்கு அதை அப்படியே கைமாற்றிக் கொடுக்கும். ஒரே பிளாஸ்மிட்டில் மூன்று நான்கு வகை மருந்துக்கான எதிர்ப்பு சேர்ந்திருப்பதும் உண்டு. அதனால்தான் ஒரு மருந்தைத் தேவையில்லாமல் கொடுத்தால், கொடுக்காத இன்னொரு மருந்தும் பலிக்காமல் போகிறது.

இதில் நல்ல செய்தியும் இருக்கிறது. நெதர்லாந்தில் வெளிநாட்டுப் பயணிகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2017-இல் வெளியானது. தெற்காசியாவுக்கு வந்து திரும்பியவர்களில் நான்கில் மூவர் குடலில் ஈஎஸ்பிஎல் கிருமியைப் புதிதாக வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். நம் தண்ணீரிலும் சாப்பாட்டிலும் அது அவ்வளவு பரவியிருக்கிறது. ஆனால் வாங்கியவர்களில் பெரும்பாலோர் சில மாதங்களில் அதைத் தாமாகவே இழந்தும்விட்டார்கள். ஆன்டிபயாடிக் அழுத்தம் இல்லாத குடலில் சாதாரணக் கிருமிகள் திரும்ப இடம்பிடித்துவிடும். அம்மாவுக்கு இப்போது மருந்து கொடுக்காமல் இருப்பதும் ஒரு சிகிச்சைதான்.

'பவர்' என்பதற்கும் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். ரிப்போர்ட்டில் மெரோபெனெம் எதிரே 0.25 என்றும் நைட்ரோஃபியூரன்டாயின் எதிரே 16 என்றும் இருப்பதைப் பார்த்து, மெரோபெனெம் 64 மடங்கு வலுவானது என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். எம்ஐசி எனப்படும் அந்த எண், கிருமியின் வளர்ச்சியை நிறுத்த ஒரு மில்லிலிட்டரில் எத்தனை மைக்ரோகிராம் மருந்து தேவை என்பது. அதை அந்தந்த மருந்தின் வரம்போடுதான் ஒப்பிட வேண்டும். ஈ.கோலைக்கு மெரோபெனெமின் வரம்பு 1, நைட்ரோஃபியூரன்டாயினின் வரம்பு 32. இரண்டும் வரம்புக்குள் இருப்பதால் இரண்டுமே 'எஸ்'. நைட்ரோஃபியூரன்டாயின் ரத்தத்தில் தங்காமல் சிறுநீரில் போய்ச் சேரும் மருந்து, ஆகவே சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு அது மிகப் பொருத்தமானது. ஒரு மருந்துக்கும் இன்னொரு மருந்துக்கும் இடையே எண்ணை ஒப்பிட்டு, சின்ன எண்தான் சிறந்த மருந்து என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம்.

அந்த இரவு வந்த வியர்வை

கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி எனக்குக் கல்ச்சரைவிடக் கவலை தந்தது. நள்ளிரவில் வியர்வை, கை நடுக்கம், சர்க்கரைக் காபி கொடுத்ததும் தெளிவு: இது காய்ச்சல் விட்ட வியர்வை மாதிரி தெரியவில்லை. ரத்தத்தில் சர்க்கரை தாழ்ந்துபோனதாகத்தான் தெரிகிறது. சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்லாக்சசின், லெவோஃப்ளாக்சசின் குடும்பம், கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோடு சேரும்போது, முக்கியமாக வயதானவர்களில், சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும். மயங்கி நினைவிழந்தவர்களும் உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் இதற்காகவே எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாண் அறுந்துபோவதும் இந்தக் குடும்பத்தின் தெரிந்த பக்கவிளைவு. சல்ஃபா கலந்த கோட்ரைமாக்சசோலும் சர்க்கரையைத் தாழ்த்தக்கூடும்.

அம்மாவின் ஃபைலில் முதல் பக்கத்தில் இதைத் தேதியோடு எழுதி வையுங்கள்: 'சிப்ரோ எடுத்தபோது சர்க்கரை தாழ்ந்திருக்கலாம், கிளிமிபிரைடு எடுத்துக்கொள்கிறார்.' இனி அந்த மாதிரி வியர்த்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால், விழுங்க முடிகிற நிலையில், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மெரோபெனெமுக்கு அவசரப்படாதீர்கள்

அட்மிட் செய்யச் சொன்னவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க வேண்டியதில்லை. ரிப்போர்ட்டில் 'ஈஎஸ்பிஎல்' என்று கண்டதும் மெரோபெனெம் என்று கை எழுதிப் பழகிவிட்டது. சிறுநீரகம் வரை ஏறிய ஈஎஸ்பிஎல் தொற்றில், ரத்தத்தில் கலந்த தொற்றில், அது உயிரைக் காக்கும் மருந்து. தொந்தரவே இல்லாத ஒருவருக்கு ஏழு நாள் அதைப் போட்டால் அம்மாவுக்குக் கிடைப்பது என்ன? ஊசி போட்ட இடத்தில் ரத்தக்குழாய் வீக்கம், ஆன்டிபயாடிக்கால் வரும் வயிற்றுப்போக்கு, ஆஸ்பத்திரிக் கிருமிகளோடு ஒரு வாரம், பெரிய செலவு. எல்லாவற்றுக்கும் மேலாக, மெரோபெனெமுக்கும் அடங்காத கிருமி குடலில் வேர்பிடிக்க வாய்ப்பு. அதற்கு அடுத்தபடி கையில் மிஞ்சுவது மிகச் சில. அதில் ஒன்றான கோலிஸ்டின் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. கிரியேட்டினின் 1.1 என்றால் உங்கள் அம்மாவின் வயதுக்குச் சிறுநீரக வடிகட்டல் நிமிடத்துக்குச் சுமார் 55 மில்லிதான். அந்தச் சிறுநீரகத்தை வைத்துக்கொண்டு கோலிஸ்டின் வரைக்கும் போகும் நிலையை நாமே வரவழைக்கக் கூடாது.

நாளைக்கு உண்மையிலேயே சிறுநீர்ப்பைத் தொற்று வந்தால் வாய்வழி மருந்தே போதும். மருத்துவர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றை எழுதுவார். நைட்ரோஃபியூரன்டாயின் மெதுவாகக் கரையும் வகை 100 மி.கி., காலை, இரவு, ஐந்து நாள். சாப்பாட்டோடு எடுத்தால்தான் நன்றாக உடம்பில் சேரும், குமட்டலும் குறையும். சிறுநீர் அடர் மஞ்சளாக, பழுப்பாகக்கூடப் போகும், பயப்பட வேண்டாம். வடிகட்டல் 30-க்குக் கீழே இறங்கிவிட்டால் இந்த மருந்து ஆகாது, காய்ச்சலோடு சிறுநீரகம் வரை ஏறிய தொற்றுக்கும் ஆகாது. இன்னொன்று ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் பொடி. அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, இரவு படுக்கப் போகும்முன் சிறுநீர் கழித்துவிட்டு, வெறும் வயிற்றில், ஒரே வேளை.

'கோர்ஸ் முடிக்கணும்' என்பதால் ஐந்து நாள் மருந்தைப் பத்து நாளுக்கு நீட்டுவது இன்னொரு தவறு. எழுதியிருப்பது ஐந்து நாள் என்றால் ஐந்து நாள். நாள் கூடக் கூடக் குடலில் உள்ள மற்ற கிருமிகள்மேல் அழுத்தமும் கூடும். நீங்களாக இரண்டாம் நாளில் நிறுத்தவும் கூடாது, நீட்டவும் கூடாது.

இந்த அடையாளங்கள் வந்தால் மட்டும் அதே நாளில் மருத்துவமனைக்குப் போங்கள்: 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சலோடு குளிர் நடுக்கம், விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் வலி, நிற்காத வாந்தி, சிறுநீர் குறைதல், மூச்சு வாங்குதல், பேச்சில் தடுமாற்றம். அப்போது இந்தப் பழைய கல்ச்சர் ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். முதல் ஊசியைத் தேர்ந்தெடுக்க அது வழிகாட்டும். அந்த நிலையில் மெரோபெனெம் போட்டால் மறுக்காதீர்கள்.

கல்ச்சர் எடுப்பது எப்படி

தொந்தரவு இல்லாதபோது இனிக் கல்ச்சர் கொடுக்கவே வேண்டாம். 'கிருமி போயிடுச்சான்னு பார்க்கலாம்' என்று மாதாமாதம் எடுப்பதுதான் தேவையில்லாத மருந்துக்கு வாசல். எரிச்சலும் அவசரமும் வந்தால், மருந்தின் முதல் வேளைக்கு முன்னால் எடுக்க வேண்டும். வெளிப்புறத்தை வெறும் தண்ணீரில் கழுவி, இதழ்களை விலக்கிப் பிடித்துக்கொண்டு, முதலில் வருவதைக் கழிப்பறையில் விட்டுவிட்டு, நடுவில் வருவதை லேப் கொடுத்த கிருமி நீக்கிய டப்பாவில் பிடிக்க வேண்டும். மூடியின் உட்புறத்தையோ டப்பாவின் விளிம்பையோ விரல் தொடக்கூடாது. வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போனால் இரண்டு மணி நேரத்துக்குள் லேபில் சேர வேண்டும். முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுக்கலாம். பல்லடம் வெயிலில் வண்டி டிக்கியில் நாலு மணி நேரம் கிடந்த மாதிரியில் ஆயிரம் கிருமி ஒரு லட்சமாகிவிடும். மூன்று நான்கு வகைக் கிருமி கலந்து வளர்ந்திருப்பதாக ரிப்போர்ட் வந்தால், அது சிறுநீர் மாதிரியைப் பிடித்தபோது நேர்ந்த கலப்பு. அதற்கு மருந்து எழுதாமல் மறுபடி மாதிரி கேட்பதுதான் முறை.

திரும்பத் திரும்ப வராமல் தடுக்க

இதில்தான் உங்கள் சக்தியைச் செலவழிக்க வேண்டும். எச்பிஏ1சி 8.9 என்பது அதிகம். முதலில் சிறுநீர் கழித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். நெடுநாள் சர்க்கரையில் சிறுநீர்ப்பையின் நரம்பு மந்தமாகி, பை முழுதும் காலியாகாது. 150 மில்லிக்கு மேல் தேங்கினால் கிருமிக்கு அது ஊறுகாய் ஜாடி மாதிரி. அப்படி இருந்தால் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அவசரம் வராவிட்டாலும் போகப் பழக்குவது, போய்விட்டு இரண்டு நிமிடம் கழித்து மறுபடி உட்கார்ந்து மிச்சத்தை வெளியேற்றுவது, மலச்சிக்கலைச் சரிசெய்வது என்று தொடங்கலாம்.

இரண்டாவது, பலர் கேட்கக் கூச்சப்படும் மருந்து: பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு. மாதவிடாய் நின்ற பிறகு அந்த இடத்துத் தோல் மெலிந்து, காவல் பாக்டீரியாக்கள் குறைந்து, ஈ.கோலைக்கு வழி திறக்கிறது. எஸ்ட்ரியால் களிம்பை இரண்டு வாரம் தினமும் இரவு, பிறகு வாரத்துக்கு இரண்டு இரவு என்று தடவினால் தொற்று திரும்புவது நன்றாகக் குறைகிறது. ஆன்டிபயாடிக் இல்லாமலே பலன் தரும் வழி இது. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். தண்ணீர் விஷயத்தில் மருத்துவர் கட்டுப்பாடு எதுவும் சொல்லவில்லையென்றால் நாளைக்கு ஒன்றரை லிட்டரிலிருந்து இரண்டு லிட்டர். கல்யாண வீட்டுக்கும் பஸ் பயணத்துக்கும் போகும்போது கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருப்பதை அம்மா விட வேண்டும்.

மருந்து டப்பாவும் கடைக்காரரும்

வீட்டில் மிஞ்சிய மாத்திரைகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருப்பதாகவும், மகனுக்குச் சளி பிடித்தால் அதிலிருந்து அசித்ரோமைசின் இரண்டு கொடுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சளி, இருமல், தும்மலோடு வரும் காய்ச்சலில் பெரும்பான்மை வைரஸ். அசித்ரோமைசின் அதைத் தொடாது. மூன்றாம் நாளில் சளி தானாகக் குறைவதை மாத்திரை குறைத்ததாக நினைக்கிறோம். அசித்ரோமைசின் உடம்பை விட்டு மிக மெதுவாக வெளியேறும், அதன் பாதி குறையவே சுமார் 68 மணி நேரம் ஆகும். இரண்டு மாத்திரை போட்டுவிட்டு நிறுத்தினாலும், கொல்ல முடியாத அளவில் நாட்கணக்கில் உடம்பில் தங்கி, கிருமிகளுக்கு எதிர்ப்புப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கும். பென்சிலினைக் கண்டறிந்த அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் 1945-இல் நோபல் பரிசு உரையிலேயே, கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கிக் குறைந்த அளவில் சாப்பிடும் காலம் வந்தால் இதுதான் நடக்கும் என்று எச்சரித்துவிட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஆன்டிபயாடிக் எதையும் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. செஃபிக்ஸிம், லெவோஃப்ளாக்சசின், மெரோபெனெம் போன்றவை 2014 மார்ச் முதல் அட்டவணை எச்1-இல் இருக்கின்றன. கடைக்காரர் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அட்டையின் ஓரத்தில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டு வேண்டும் என்று பொருள். சிகிச்சை பெற்ற மருத்துவமனையில் அம்மாவின் மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. ஐந்து தடவை என்ன மருந்து, எத்தனை நாள் என்ற பட்டியலை அதை வைத்துத் தயார் செய்யுங்கள். மருத்துவர் ஆன்டிபயாடிக் எழுதும்போது, 'எதுக்குங்க டாக்டர் இது, எத்தனை நாள், கல்ச்சர் எடுத்துட்டுத் தொடங்கலாமா?' என்று தாராளமாகக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. நல்ல மருத்துவர் அதற்குக் கோபப்பட மாட்டார்.

டப்பாவை இன்றைக்கே காலி செய்யுங்கள். மாத்திரைகளைச் சாக்கடையிலோ கழிப்பறையிலோ கொட்டாதீர்கள். தண்ணீரில் கலக்கும் மருந்து அங்குள்ள கிருமிகளைப் பழக்கும். தெரிந்த மருந்தகம் திரும்ப வாங்கிக்கொண்டால் கொடுங்கள். இல்லையென்றால் அட்டையிலிருந்து பிரித்து, பயன்படுத்திய காபித்தூளிலோ சாம்பலிலோ கலந்து, கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

உங்கள் ஒரு டப்பாவில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றலாம். 2019-இல் மட்டும் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக உலகில் 12.7 லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாடிக்குகளை மூன்று கூடையாகப் பிரித்திருக்கிறது: முதலில் எடுக்க வேண்டியவை, கவனமாக எடுக்க வேண்டியவை, கடைசி இருப்பாக வைக்க வேண்டியவை. 2024 செப்டம்பரில் ஐ.நா. சபையில் நாடுகள் ஒப்புக்கொண்ட இலக்கு, 2030-க்குள் உலகில் பயன்படும் ஆன்டிபயாடிக்கில் குறைந்தது 70 சதவீதம் முதல் கூடையிலிருந்து வர வேண்டும் என்பது. உங்கள் வீட்டில் பத்து மாதத்தில் வாங்கிய செஃபிக்ஸிம், சிப்ரோ, ஆஃப்லாக்சசின், செஃப்ட்ரியாக்சோன், அசித்ரோமைசின் அத்தனையும் இரண்டாம் கூடை. அம்மாவுக்குப் பொருந்தும் நைட்ரோஃபியூரன்டாயின் முதல் கூடை.

கோழிப்பண்ணையிலிருந்து வந்ததா?

ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. கிருமியின் மரபணுவைப் பிரித்துப் படித்தால்தான் தெரியும், தெரிந்தாலும் அம்மாவின் சிகிச்சை மாறாது. பத்து மாதத்தில் ஐந்து தடவை மருந்து என்பதே போதுமான காரணம். உங்கள் கணவரைக் குற்றவாளி ஆக்க வேண்டாம். ஆனாலும் பண்ணையில் கவனிக்க வேண்டியவை உண்டு. கோழிக்குத் தண்ணீரில் கலக்கக் கம்பெனி கொடுக்கும் மருந்தின் பெயரை அவர் கேட்டுக் குறித்து வைக்கட்டும். கோலிஸ்டினை உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்கும் கோழிக்கும் கொடுப்பதை இந்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்துவிட்டது. மேலே சொன்ன அதே கோலிஸ்டின்தான், மனிதனுக்குக் கடைசி இருப்பு. என்ரோஃப்ளாக்சசின் என்று பாட்டிலில் இருந்தால் அது சிப்ரோவின் உடன்பிறப்பு. அதற்குப் பழகிய கிருமி சிப்ரோவுக்கும் அடங்காது. நோய் கண்டு கால்நடை மருத்துவர் சொன்னால் மட்டும் மருந்து, விற்பனைக்கு முன் அந்த மருந்துக்குரிய இடைவெளி நாட்கள், மற்றபடி தடுப்பூசி, குளோரின் போட்ட தண்ணீர், ஈரம் சேராத தென்னை நார்க்கழிவுப் படுக்கை: நோயைக் குறைப்பவை இவைதான். பண்ணைச் செருப்பும் சட்டையும் பண்ணையோடு நிற்கட்டும். வீட்டுக்குள் வரும்முன் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். நன்றாக வெந்த கறியில் இந்தக் கிருமி பிழைக்காது. பச்சைக் கறி நறுக்கிய பலகையில் கழுவாமல் வெங்காயம் நறுக்கினால்தான் ஆபத்து.

மகள் வரலாமா?

தாராளமாக வரட்டும். பாட்டியைத் தனி அறையில் ஒதுக்கவோ, தட்டு டம்ளரைப் பிரிக்கவோ வேண்டியதில்லை. கழிப்பறைக்குப் போய்வந்த பிறகும், சமைக்கும் முன்னும், பரிமாறும் முன்னும் எல்லோரும் சோப்பால் 20 விநாடி கை கழுவினால் போதும். ஆனால் மகளுக்குக் கர்ப்பத் தொடக்கத்தில் யூரின் கல்ச்சர் செய்தார்களா என்று கேளுங்கள். சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனை மட்டும் செய்திருந்தால், வழக்கமான அடுத்த செக்கப்பிலேயே கல்ச்சரும் எழுதச் சொல்லுங்கள். பாட்டிக்கு வந்த அதே ரிப்போர்ட் பேத்திக்கு வந்தால், தொந்தரவு இல்லாவிட்டாலும் மருந்து கொடுத்தே ஆக வேண்டும். கர்ப்பத்தில் அது சிறுநீரகம் வரை ஏறவும், குறைப்பிரசவத்துக்கு வழிவிடவும் கூடும். கர்ப்பத்துக்குப் பொருந்தும் மருந்தை நான்கிலிருந்து ஏழு நாள் எடுத்து, முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில் மறுபடி கல்ச்சர் பார்ப்பார்கள். நைட்ரோஃபியூரன்டாயினைப் பிரசவம் நெருங்கும் கடைசி வாரங்களில் தவிர்ப்பார்கள், குழந்தையின் ரத்த அணுக்கள் சிதையலாம் என்பதால். சிப்ரோ குடும்பமும் கர்ப்பத்தில் வேண்டாம். பாட்டிக்கு எழுதிய சீட்டைக் காட்டி இவளுக்கு வாங்குவது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நடக்கக்கூடாது. ஒரே கிருமி, ஒரே வீடு, ஆனால் ஒருவருக்கு மருந்து வேண்டாம், இன்னொருவருக்குக் கட்டாயம் வேண்டும். வளைகாப்பு ஏழாம் மாதம் என்றால் இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் மகளின் கல்ச்சரும், அம்மாவின் ஸ்கேனும் முடிந்துவிடட்டும்.